பாதுகாப்பு ஆய்வுக்கு மாடல் வேண்டுமா, எக்செல் போதுமா?

மின்சார ஸ்கூட்டர் பேட்டரி ஒன்றின் பழுது ஆய்வுத் தாள் அது. எக்செல் கோப்பு, முந்நூறு சொச்சம் வரிசைகள். 47-வது வரிசை இப்படிச் சொன்னது: 'பழுது: வெப்ப சென்சாரின் கனெக்டரில் மின்தடை கூடுதல். விளைவு: வெப்பநிலை குறைவாகத் தெரியும். தடுப்பு: அதே தொகுதியிலுள்ள இரண்டாவது சென்சாருடன் ஒப்பிட்டு மென்பொருள் கண்டுபிடிக்கும்.'

எழுதிய நாளில் அதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. பேட்டரிகளில் பரவலாக இருப்பது, சூடு ஏற ஏற மின்தடை குறையும் தெர்மிஸ்டர். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் சாதாரண வகை, 60 டிகிரியில் ஏறக்குறைய 3 கிலோ ஓம் காட்டும். மழையில் நனைந்து கனெக்டர் முனையில் களிம்பு ஏறி, அங்கே ஒரு கிலோ ஓம் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருளுக்குத் தெரிவது 4 கிலோ ஓம். அது '51 டிகிரி' என்று கணக்குப் போட்டுவிட்டு, சார்ஜ் ஏறுவதை நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருக்கும். கம்பி முழுவதும் அறுந்துபோனால் எண் தாறுமாறாக ஓடும், மென்பொருள் விழித்துக்கொள்ளும். இந்த ஒன்பது டிகிரிப் பொய் அப்படிப்பட்டதல்ல. பக்கத்தில் இன்னொரு சென்சார் இருந்து 'இங்கே 60' என்று சொன்னால்தான் குட்டு உடையும்.

ஐந்து மாதம் கழித்து, செலவைக் குறைக்கும் கூட்டம் ஒன்றில், தொகுதிக்கு ஒரு சென்சார் போதும் என்று முடிவானது. சுற்றுப்பலகையின் வரைபடம் மாறியது. பொருள் பட்டியல் மாறியது. மென்பொருளும் மாறியது. 47-வது வரிசை மட்டும், இல்லாத சென்சாரை நம்பிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. தணிக்கைக்கு முதல்நாள் இரவு இரண்டு திரைகளில் இரண்டு கோப்புகள் பக்கம் பக்கமாகத் திறந்திருந்ததால் அது என் கண்ணில் பட்டது. திறமை என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகுதான் 'நாமும் மாடலுக்கு மாறிவிடலாமா?' என்ற பேச்சு எங்கள் குழுவில் எழுந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழு. முன்னால் நான்கைந்து வழிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு விற்பனையாளரும் ஒரு ரசிகர் கூட்டமும் இருந்தார்கள். அந்த வழிகளை என் பார்வையில் எடைபோட்டு எழுதியதுதான் இது. இதே முடிவின் வாசலில் நிற்கிறவர்களுக்கு உதவலாம்.

இரண்டு சொற்களைத் தெளிவாக்கிவிட்டால் குழப்பம் குறையும். தமிழில் பூட்டுப் போடுவதும் பாதுகாப்பு, தீப்பிடிக்காமல் பார்ப்பதும் பாதுகாப்பு. நான் பேசுவது இரண்டாவதைப் பற்றி: திருடனோ ஹேக்கரோ யாருமில்லாமல், இயந்திரம் தன் பழுதாலோ தன் வடிவமைப்பாலோ மனிதருக்குத் தீங்கு செய்வது. அடுத்தது மாடல். இந்தச் சொல்லைக் கேட்டதும் இப்போது எல்லோருக்கும் செயற்கை நுண்ணறிவுதான் நினைவுக்கு வருகிறது. அது வேறு. இங்கே மாடல் என்பது அமைப்பின் பாகங்கள், அவற்றின் வேலைகள், எது எதோடு இணைகிறது என்பதையெல்லாம் ஒரே இடத்தில் வைத்திருக்கும் தரவுத் தொகுப்பு. திரையில் தெரியும் படங்கள் அதன் ஜன்னல்கள். சென்சாரை ஒரு படத்தில் அழித்தால் படத்திலிருந்து மட்டும் மறைப்பதா, மாடலிலிருந்தே எடுத்துவிடுவதா என்று அது கேட்கும். பவர்பாயிண்டில் வரைந்த பெட்டிகளுக்கு அந்த அறிவு கிடையாது.

முதல் வழி, எக்செல்லிலேயே இருப்பது. எக்செல்லைத் திட்டுவது சுலபம். அதனால் முதலில் அதற்கு வக்காலத்து வாங்குகிறேன். பாகம் பாகமாகப் பழுதுகளை எழுதி விளைவைத் தேடும் எஃப்எம்இஏ முறை, 1949-ல் அமெரிக்க ராணுவ நடைமுறையாக வந்தது. நடக்கக் கூடாத ஒன்றை உச்சியில் வைத்து 'இது எப்படி நடக்கும்?' என்று கீழே இறங்கிக்கொண்டே போகும் பழுது மரம், 1962-ல் பெல் ஆய்வகத்தில் மினிட்மேன் ஏவுகணையின் ஏவுதல் கட்டுப்பாட்டுக்காகப் பிறந்தது. இரண்டும் கணினித் திரைக்கு முந்தியவை. காகிதத்தில் செய்தபோதும் வேலை செய்தன. எக்செல் தாளை வாங்குபவர், விற்பவர், தணிக்கையாளர் எல்லோரும் திறக்கலாம். உரிமக் கட்டணத்துக்கு நிதித் துறையிடம் போய் நிற்க வேண்டாம். எல்லாவற்றையும்விட, காலிக் கட்டம் ஒன்று முன்னால் இருக்கும்போது ஆறு பேர் கூடிப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில்தான் பாதிப் பழுதுகள் அகப்படுகின்றன.

அதன் நோய் பெயர்களில் இருக்கிறது. எங்கள் தாளில் ஒரே சென்சாருக்கு நான்கு பெயர்கள்: 'வெப்ப சென்சார் 2', 'டி2', 'என்டிசி-பி', 'கீழ் சென்சார்'. நான்கு பேர் நான்கு காலத்தில் எழுதியவை. எக்செல்லுக்கு அவை வெறும் எழுத்துகள். எந்தப் பாகத்தையும் அவை தொட்டுக்கொண்டிருக்கவில்லை. பாகம் போனாலும் பெயர் இருக்கும். வடிவமைப்பு அதிகம் மாறாத பொருள், வடிவமைப்பையும் பாதுகாப்பையும் ஒரே ஆள் கவனிக்கிற சின்னக் குழு என்றால் இந்த நோய் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. அங்கே மாடலுக்கு மாறுவது கொசுவுக்குப் பீரங்கி.

மாறிக்கொண்டே இருக்கும் வடிவமைப்பில் இந்த நோய் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, துரதிர்ஷ்டவசமாக, எல்லோரும் அறிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. (பேட்டரிக்காரன் ஏன் விமானத்துக்குப் போகிறான் என்றால், விமான விபத்துகளுக்குத்தான் திருகாணி வரை எழுதப்பட்ட அறிக்கைகள் பொதுவில் கிடைக்கின்றன. ஸ்கூட்டர் எரிந்தால் பெரும்பாலும் கைப்பேசி வீடியோதான் மிஞ்சுகிறது.)

போயிங் 737 மேக்ஸ் விமானத்தின் எம்காஸ், மூக்கு அளவுக்கு மீறி உயர்ந்தால் வாலிலுள்ள கிடைநிலைச் சிறகைத் திருப்பி மூக்கைக் கீழே தள்ளும் மென்பொருள். முதலில் அதிவேகப் பறப்புக்கு மட்டும், ஒரு தடவைக்கு 0.6 டிகிரி வரை திருப்புவதாக இருந்தது. 2016-ல் குறைந்த வேகத்துக்கும் விரிவாக்கினார்கள். அளவு 2.5 டிகிரியானது, நான்கு மடங்குக்கும் மேல். ஒரு பறப்பில் இரண்டு காற்றுக்கோண சென்சார்களில் ஒன்றைத்தான் அது கேட்டது. விமானி எதிர்த்து நேராக்கினாலும் சில வினாடிகளில் மறுபடி தொடங்கும். வழக்கமான பறப்பில் அது தானாகக் கிளம்பிவிட்டால் விளைவு 'பெரியது' என்ற வகையில் வைக்கப்பட்டிருந்தது. அதற்கு மேலே 'ஆபத்தானது', 'பேரழிவு' என்று இரண்டு படிகள் உண்டு. 'பெரியது' என்ற படியில் ஒற்றை சென்சார் போதும் என்று வாதிட முடியும். விமானி சில வினாடிகளில் புரிந்துகொண்டு சரிசெய்துவிடுவார் என்பது அதன் அடியிலிருந்த அனுமானம். 2018 அக்டோபர் 29 அன்று ஜாவா கடலில் விழுந்த லயன் ஏர் விமானத்தில், முந்தைய நாள்தான் மாற்றப்பட்ட சென்சார் ஏறக்குறைய 21 டிகிரி தவறாகக் காட்டியது. 189 பேர் இறந்தார்கள். 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியாவில் இன்னும் 157 பேர்.

கிறிஸ்டோபர் ஹார்ட் தலைமையில் பல நாட்டு விமானத் துறையினர் கூடிய குழு 2019 அக்டோபரில் தந்த அறிக்கையில் எங்களைப் போன்றவர்களுக்கு முக்கியமான இரண்டு செய்திகள் உண்டு. சான்றிதழுக்காகக் கொடுத்த ஆவணங்களில் எம்காஸ் ஒரு முழுமையான, ஒருங்கிணைந்த செயல்பாடாக மதிப்பிடப்படவே இல்லை என்பது ஒன்று. அதைப் பற்றிய தகவல்கள் துண்டு துண்டாக, ஒன்றோடொன்று தொடர்பில்லாத குழுக்களிடம் போய்ச் சேர்ந்ததால், அதன் பின்விளைவை உணர்வதே கடினமாக இருந்தது என்பது மற்றொன்று. படித்தபோது 47-வது வரிசைதான் என் முன்னால் வந்து நின்றது. எங்கள் தவறு சிறியது, யாருக்கும் தீங்கு நேரவில்லை. ஆனால் இரண்டும் ஒரே சாதி: வடிவமைப்பு நகர்ந்துவிட்டது, அதைத் தாங்கிய அனுமானம் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

மாடல் இருந்திருந்தால் அந்த விமானங்கள் தப்பித்திருக்கும் என்று விற்பனையாளர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். விமானி உடனே சரிசெய்வார் என்ற அனுமானம் மனிதர்கள் போட்டது. மாடலில் வைத்திருந்தால் அதே தவறான அனுமானத்தை மாடல் இன்னும் ஒழுங்காகப் பேணியிருக்கும். 0.6 என்பது 2.5 ஆன நாளில் 'இந்த எண்ணை நம்பி எழுதிய முடிவுகள் இவை' என்று ஒரு பட்டியல் யாருடைய திரையிலாவது எழுந்திருக்கலாம். மாடல் தரக்கூடியது அவ்வளவுதான். அவ்வளவும் கொஞ்சமில்லை.

இரண்டாவது வழி இந்த ஒரு பயனை மட்டும் குறிவைக்கிறது. வடிவமைப்பாளர்கள் சிஸ்எம்எல் போன்ற மொழியிலோ, தேல்ஸ் நிறுவனம் உருவாக்கி இலவசமாகத் திறந்துவிட்ட கபெல்லா என்ற மென்பொருளிலோ அமைப்பை மாடலாக வைத்திருப்பார்கள். பாதுகாப்புப் பொறியாளர் ஒவ்வொரு அபாயத்தையும், ஒவ்வொரு பழுதையும், ஒவ்வொரு அனுமானத்தையும் அதே மாடலுக்குள் ஓர் உறுப்பாகச் சேர்த்து, சம்பந்தப்பட்ட பாகத்தோடு முடிச்சுப் போடுவார். இதற்கென்றே 2022-ல் ராம்எல் என்ற பொது விரிவாக்கம் வந்தது. எஃப்எம்இஏ, பழுது மரம் முதலியவற்றை மாடலுக்குள் எப்படி எழுதுவது என்று அது வரையறுக்கிறது. ஆய்வை மனிதர்தான் செய்கிறார். மரத்தையும் அவர்தான் வரைகிறார். சென்சாரை யாராவது எடுத்தால் முடிச்சு அறுந்து தொங்கும். அது தணிக்கைக்கு முதல்நாள் வரை காத்திராமல் அன்றைக்கே தெரியும்.

2025-ல் முறைப்படி வெளியான சிஸ்எம்எல் இரண்டாம் பதிப்பில் எனக்குப் பிடித்தது, மாடலை நிரல் போல எழுத்தாகவே எழுதலாம் என்பது. நேற்றைய மாடலுக்கும் இன்றைய மாடலுக்கும் என்ன வித்தியாசம் என்பதை வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கலாம். படத்தில் ஒரு பெட்டி எங்கே காணாமல் போனது என்று கண்ணைச் சுருக்கித் தேடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

செலவு மென்பொருள் விலையோடு முடிவதில்லை. மாடலும் மாடும் ஒன்று, தினமும் யாராவது தீனி வைக்க வேண்டும். எங்கள் அளவில் ஒருவரின் வாரத்தில் இரண்டு நாள் அதற்கே போகிறது. அந்த ஆள் இல்லையென்றால் ஆறு மாதத்தில் மாடல் ஒரு பக்கம், உண்மையான சுற்றுப்பலகை ஒரு பக்கம் போய்விடும். அப்புறம் பொய் சொல்வது எக்செல்லுக்குப் பதில் மாடல் என்பதுதான் வித்தியாசம். பளபளப்பான படத்தோடு வருவதால் அந்தப் பொய்யை ஜனங்கள் சீக்கிரம் நம்பியும்விடுவார்கள்.

மூன்றாவது வழிதான் டெமோவில் கைதட்டல் வாங்குவது. வடிவமைப்பு மாடலின் ஒவ்வொரு பாகத்திலும் 'இது எப்படிப் பழுதாகும், உள்ளே வரும் பிழையை வெளியே எப்படிக் கடத்தும்' என்று எழுதிவிட்டால், பழுது மரத்தையும் எஃப்எம்இஏ தாளையும் மென்பொருளே தயாரித்துத் தரும். 2004 முதல் இருக்கும் ஏஏடிஎல் என்ற மொழியும், பிழைகளை எழுத அதில் சேர்த்த பின்னிணைப்பும் இந்தப் பள்ளி. யார்க், ஹல் பல்கலைக்கழகங்களில் வளர்ந்த ஹிப்-ஹாப்ஸ் என்ற முறையும் இதே பள்ளிதான். பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், நல்ல ஆராய்ச்சி. ஒரு பாகத்தை இடம் மாற்றி ஒரு பொத்தானை அழுத்தினால் புது மரம் வந்து நிற்கும். வடிவமைப்பின் தொடக்கத்தில், 'ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியா இரண்டா, சென்சார் நான்கா எட்டா' என்று பத்து வகை அமைப்புகளை ஒப்பிடுகிற கட்டத்தில், இதற்கு ஈடு எதுவும் இல்லை. கையால் பத்து மரம் வரைவதற்குள் திட்டமே முடிந்துவிடும்.

எனக்கு இதில் உள்ள அச்சம் வேறு இடத்தில். மாடலில் வரையாத தொடர்பு மரத்தில் முளைக்காது.

1989 ஜூலை 19. டென்வரிலிருந்து சிகாகோவுக்குப் போய்க்கொண்டிருந்த யுனைடெட் நிறுவனத்தின் டிசி-10 விமானம். அதில் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகள். ஒன்று போனால் இன்னொன்று, அதுவும் போனால் மூன்றாவது. கட்டப்படமாக வரைந்தால் மூன்று தனித்தனிக் கோடுகள், எங்கும் சேராது. வாலில் இருந்த இரண்டாவது இன்ஜினின் விசிறித் தட்டு, உற்பத்தியின்போதே டைட்டானியத்தில் நேர்ந்த குறை ஒன்றிலிருந்து கிளம்பிய விரிசலால் உடைந்து சிதறியது. அந்த இன்ஜினோடு இருந்த ஹைட்ராலிக் அமைப்பு அங்கேயே போயிற்று. மற்ற இரண்டின் குழாய்களும் வால் சிறகு வழியாகத்தான் போயின. பறந்த துண்டுகள் அவற்றையும் அறுத்தன. மூன்றும் போனால் என்ன செய்வது என்று விமானிகளுக்கு வழிமுறையே எழுதப்பட்டிருக்கவில்லை. மிச்சமிருந்த இரண்டு இன்ஜின்களின் வேகத்தை மாற்றி மாற்றியே சூ சிட்டி வரை கொண்டுவந்தார்கள். விமானத்திலிருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள்.

கட்டப்படம் பொய் சொல்லவில்லை. செயல்பாட்டில் மூன்றும் தனித்தனிதான். அண்டை வீடு என்பதைச் சொல்ல அந்தப் படத்தில் இடமில்லை. விமானத் துறையின் ஆய்வு முறையில் இதற்காகவே 'மண்டல ஆய்வு' என்று தனியாக ஒன்று உண்டு. விமானத்தின் ஒவ்வொரு பகுதியிலும் எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது, எது வெடித்தால் எதன் மேல் விழும் என்று பார்ப்பது. கால்நடையாகச் சுற்றிப் பார்க்கிற வேலை. தானியங்கி மரம் கைக்கு வந்ததும் முதலில் கைவிடப்படுவது இதுதான் என்பது என் அனுபவம். மரம்தான் வந்துவிட்டதே!

பேட்டரியில் இதன் குட்டி வடிவம் இதோ. இரண்டு சென்சார்கள், குறிப்பிட்ட காலத்தில் ஒவ்வொன்றும் தவறாகக் காட்டும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒருசேரத் தவற வேண்டுமென்றால் மரத்தின் கணக்கு பத்து லட்சத்தில் ஒன்று என்று வரும். அழகான எண். ஆனால் இரண்டு சென்சார்களின் கம்பிகளும் ஒரே கனெக்டரில், ஒரே தரைக் கம்பியை (கிரவுண்ட்) பகிர்ந்துகொண்டு போய்ச் சேர்கின்றன. அந்தத் தரை முனையில் களிம்பேறும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்றாலே, உண்மையான எண் பத்தாயிரத்தில் ஒன்றை ஒட்டித்தான் இருக்கும். கணக்கு நூறு மடங்கு ஏமாற்றுகிறது. கனெக்டரை மாடலில் தனிப் பாகமாக வரைந்தவருக்கு மென்பொருள் இதைச் சொல்லும். கனெக்டரை வெறும் கோடாக வரைந்தவருக்குச் சொல்லாது. முக்கால்வாசிப் பேர் கோடாகத்தான் வரைகிறார்கள்.

இன்னொரு செலவு தாமதமாகத் தலைகாட்டும். மென்பொருள் தயாரித்த மரத்தைச் சான்றாகக் காட்டினால், 'அந்த மென்பொருளை எப்படி நம்புவது?' என்று வாகன மின்னணுப் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 26262-ன் எட்டாம் பகுதி கேட்கும். ஒன்று மென்பொருளுக்கே நம்பகச் சோதனை செய்ய வேண்டும், அல்லது வெளியே வந்த ஒவ்வொரு கிளையையும் மனிதர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால், மிச்சப்படுத்திய நேரம் அங்கே போய்விடும்.

நான்காவது வழியின் ஆட்கள் இந்த அச்சத்தை முன்பே உணர்ந்தவர்கள். வடிவமைப்பு மாடலைத் தொடாமல், பாதுகாப்புக்காரர்கள் தங்கள் சொந்த மாடலை எழுதுவது. பாகம் எப்படி வேலை செய்கிறது என்பதை விட்டுவிட்டு, பழுது எப்படிப் பிறந்து எப்படிப் பரவுகிறது என்பதை மட்டும் சொல்லும் மாடல். 1990-களின் இறுதியில் பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் பிறந்த ஆல்டரிகா மொழி இதற்கானது. டஸ்ஸோவின் ஃபால்கன் 7எக்ஸ் ஜெட் விமானத்தின் பறப்புக் கட்டுப்பாட்டுக்கு இந்த வகை மாடலைக் கொண்டு செய்த பாதுகாப்பு ஆய்வு சான்றிதழ் வரை போனது. விமானம் 2007-ல் சான்றிதழ் பெற்றது. விமானத் துறையின் வழிகாட்டி ஆவணமான ஏஆர்பி 4761-ன் 2023 திருத்தத்தில் மாடல் வழி ஆய்வும் ஒரு முறையாக இடம்பெற்றிருக்கிறது.

இதன் உண்மையான பலன் மொழியில் இல்லை, இரண்டு ஜோடிக் கண்களில் இருக்கிறது. வடிவமைப்பைப் படித்து அதைத் தன் மாடலாக மறுபடி எழுதும்போது, பாதுகாப்புப் பொறியாளர் 'இந்தக் கம்பி எங்கே போகிறது?' என்று கேட்டே ஆக வேண்டும். கேட்கிற இடத்தில்தான் பிழை அகப்படுகிறது. ஒரே மாடல் என்றால் வடிவமைப்பாளர் மறந்ததைப் பாதுகாப்புக்காரரும் சேர்ந்தே மறப்பார். விலையும் அங்கேதான்: இரண்டு மாடல்களும் ஒன்றையொன்று விட்டு விலகாமல் பார்த்துக்கொள்ள ஒரு தனி ஏற்பாடு வேண்டும், அந்த மொழி தெரிந்த ஆள் வேண்டும். எங்கள் ஊரில் அந்த ஆளைத் தேடிப் பார்த்துக் கைவிட்டோம்.

2011 மே 25 அன்று மலேசியாவின் சுபாங்கை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த ஒரு ஃபால்கன் 7எக்ஸ், யாரும் கட்டளையிடாமல் மூக்கைத் தூக்கியது. விமானி சமாளித்துவிட்டார், ஆனால் அந்த வகை விமானங்கள் அனைத்தும் சில காலம் தரையிறக்கப்பட்டன. காரணம், வால் சிறகைத் திருப்பும் மின்னணுப் பெட்டிக்குள் ஒரு முனையின் பற்றவைப்பில் இருந்த குறை. இதைச் சொல்வது ஆல்டரிகாவைக் குறை கூற அல்ல. எந்த மாடலும் ஏதோ ஓர் ஆழத்தில் நின்றுவிடும். அதற்குக் கீழே இருக்கும் ஈயப்பற்று சப்ளையரின் எஃப்எம்இஏ தாளில், அதாவது எங்கேயோ ஓர் எக்செல் கோப்பில், இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி.

எஸ்டிபிஏ-வை நான் இந்த வரிசையில் ஒரு போட்டியாளராக வைக்கவில்லை. எம்ஐடி பேராசிரியர் நான்சி லெவசன் உருவாக்கிய இந்த முறை, பாகம் பழுதாவதிலிருந்து தொடங்காமல் கட்டளையிலிருந்து தொடங்குகிறது. ஒரு கட்டளை தேவையானபோது வராமல் போனால், கூடாத நேரத்தில் வந்தால், முந்தியோ பிந்தியோ முறை மாறியோ வந்தால், சீக்கிரம் நின்றுவிட்டால் அல்லது நிற்காமல் நீண்டால் என்ன ஆகும் என்று கேட்கிறது. எதுவும் பழுதாகாமலே விபத்து நேரலாம் என்பதே அதன் அடிப்படை.

எங்களுக்கு அது ஒரே வாரத்தில் ஒரு பாடம் கற்பித்தது. எங்கள் தாளில் ஏறக்குறைய எல்லாப் பழுதுக்கும் கடைசித் தடுப்பு ஒன்றுதான்: 'பேட்டரி மின்சாரத்தைத் துண்டிக்கும்.' பேட்டரியின் கண்ணில் அது பாதுகாப்பான நிலை. எஸ்டிபிஏ படத்தில் ஓட்டுநரையும் ஒரு பெட்டியாக வரைய வேண்டியிருந்தது. வரைந்தவுடன் ஒருவர் கேட்டார்: 'மாலை ஆறு மணி, கத்திப்பாரா மேம்பாலத்தின் வளைவு, பின்னால் மாநகரப் பஸ். அப்போது துண்டித்தால்?' அறை அமைதியானது. முந்நூறு வரிசைகளில் ஒன்றிலும் இந்தக் கேள்வி இல்லை. உடனே துண்டிக்காமல், வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, ஓட்டுநரை எச்சரித்து, ஓரம் ஒதுங்க நேரம் கொடுப்பது, எந்தப் பழுதுக்கு அந்த நேரத்தைக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கவே கூடாது என்று ஒரு புது அட்டவணையே பிறந்தது. வெள்ளைப் பலகையும் நான்கு நிறப் பேனாக்களும் போதுமாக இருந்தன. ஆகவே எந்த வழியை எடுத்தாலும் எஸ்டிபிஏ-வைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி.

முடிவுக்கு வருகிறேன். எங்களுக்கு ஒரு பக்கம் ஐஎஸ்ஓ 26262. அதன் 2018 பதிப்பின் 12-ம் பகுதி இருசக்கர வண்டிகளுக்கானது. இன்னொரு பக்கம் மின்வண்டி பேட்டரிகளின் பாதுகாப்புக்கான இந்தியத் தரம் ஏஐஎஸ் 156. அதன் திருத்தங்கள் 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தபோது பேட்டரி வடிவமைப்புகள் எப்படி அவசர அவசரமாக மாறின என்பதை ஓசூர்ப் பக்கம் வேலை பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் சிக்கல் ஆழமான கணக்கு அல்ல, ஓயாத மாற்றம். ஆகவே இரண்டாவது வழியை எடுத்தோம்: ஒரு வடிவமைப்பு மாடல், அதில் முடிச்சுப் போட்ட அபாயங்களும் அனுமானங்களும், பழுது மரங்கள் கையால். மரம் வரைகிறவர் மாடலைப் பராமரிப்பவராக இருக்கக் கூடாது என்று ஒரு விதியையும் போட்டோம். நான்காவது வழியின் இரண்டாவது ஜோடிக் கண்களை இப்படி மலிவாக வாங்கப் பார்த்தோம். மூன்றாவது வழியை மேலாளர் ஒருவர் மிகவும் விரும்பினார். அடுத்த பேட்டரியின் தொடக்கக் கட்டத்தில், அமைப்புகளை ஒப்பிட மட்டும் பயன்படுத்தலாம், சான்றாக வேண்டாம் என்பதில் சமாதானமானோம்.

நான் விமானத்தின் பறப்புக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்திருந்தால் நான்காவதைத்தான் கேட்டிருப்பேன். 'பேரழிவு' நிலைக்கு நூறு கோடிப் பறப்பு மணிக்கு ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பு என்று நிரூபிக்க வேண்டிய இடத்தில் இரண்டு மாடல்களின் செலவு பெரிதல்ல. ஒரே பெட்டியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பல வடிவில் விற்கும் சப்ளையராக இருந்தால் மூன்றாவது, கனெக்டர்களையும் தரைக் கம்பிகளையும் பாகங்களாக வரைந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையோடு. மூன்று பேர் சேர்ந்து, வருடத்துக்கு ஒரு தடவை மாறும் சார்ஜர் செய்கிறார்கள் என்றால் எக்செல்லிலேயே இருங்கள். ஒரு பாகத்துக்கு ஒரே பெயர் என்பதை மட்டும் சட்டமாக்குங்கள்.

மாறுவதாக முடிவு செய்த முதல் வாரம் நாங்கள் மாடல் எதுவும் வரையவில்லை. தாளில் 'தடுப்பு' பத்தியில் வேறொரு பாகத்தின் பெயர் வரும் வரிசைகளை மட்டும் பிரித்தெடுத்தோம். ஒவ்வொன்றையும் அன்றைய பொருள் பட்டியலோடு ஒப்பிட்டோம். அந்த வேலைக்கு எந்த மென்பொருளும் தேவைப்படவில்லை, இரண்டு பேரும் நான்கு மதியங்களும் போதுமாக இருந்தன. 47-வது வரிசைக்கு மேலும் இரண்டு கூட்டாளிகள் கிடைத்தார்கள். ஒன்று, எப்போதோ நீக்கப்பட்ட ஃபியூஸை நம்பியிருந்தது. மற்றொன்று நம்பியிருந்த பாகம் எது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.